இரண்டு 12 இஞ்ச் சப்வூஃபர், ஒரு மோனோ ஆம்ப்: பத்து நிமிடத்தில் ப்ரொடெக்ட் லைட் எரிகிறது, ஓம்ஸ் கணக்கு புரியவில்லை

#1 நெல்லை_ஸ்விஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பழைய ஸ்விஃப்ட். டிக்கியில் ஒரே பெட்டியில் இரண்டு தனி அறையாக இரண்டு 12 இஞ்ச் சப்வூஃபர் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு போர்ட், அதாவது காற்று வந்துபோகும் குழாய், உண்டு. இரண்டுமே இரட்டைக் காயில், அதாவது ஒரே கோனை ஆட்ட இரண்டு கம்பிச் சுருள். ஒவ்வொரு காயிலும் 4 ஓம் என்று காந்தத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஆம்ப் மோனோ, கிளாஸ் டி. அதன் அடியில் 4 ஓமில் 380 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்), 2 ஓமில் 600 வாட் ஆர்எம்எஸ் என்று இருக்கிறது. அதற்குக் கீழே எதுவும் போடவில்லை.

ஊருக்குள் ஓட்டும்போது பிரச்சினை இல்லை. பைபாஸ் ஏறிக் கொஞ்சம் சத்தம் வைத்தால் பத்து நிமிடத்தில் ஆம்பின் சிவப்பு ப்ரொடெக்ட் லைட் எரிந்து பேஸ் நின்றுவிடுகிறது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி பாடுகிறது. அந்த நேரத்தில் ஆம்ப் மேல் கை வைக்க முடியவில்லை. மாட்டிய கடையில் கேட்டால், ஆம்ப் பத்தவில்லை, பெரியது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. உண்மையிலேயே ஆம்ப் மாற்ற வேண்டுமா?

#2 ரிச்சித்தெரு_வாசி

அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். முதலில் நான்கு காயிலையும் எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியிலிருந்து ஆம்புக்கு வரும் இரண்டு வயரையும் ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து அளந்து எண்ணைச் சொல்லுங்கள். வயர் ஆம்பில் இருக்கும்போது அளக்கக் கூடாது.

#3 நெல்லை_ஸ்விஃப்ட்

ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. நான்கு பிளஸ்ஸும் ஒன்றாக, நான்கு மைனஸும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. மீட்டரில் 1.2 காட்டுகிறது.

#4 மைக்செட்_மதுரை

தம்பி, மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனை இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மீட்டர் வயருக்கே ஒரு ஓம்ஸ் உண்டு. பெரிய அளவில் அது தெரியாது, ஒன்று, இரண்டு ஓம் அளக்கும்போது அதுவே கணக்கைக் கெடுத்துவிடும்.

#5 நெல்லை_ஸ்விஃப்ட்

0.3 காட்டுகிறது ஐயா. அப்படியானால் 0.9தானா?

#6 ஓம்_கணக்கு

ஆமாம், 0.9. உங்கள் ஆம்ப் சூடாவதற்குக் காரணம் அந்த எண்தான். ஆம்ப் சின்னது இல்லை. அது தாங்கும் என்று எழுதியிருக்கும் சுமையில் பாதி ஓமைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் வேறு யாரையும் கேட்கத் தேவையிருக்காது.

ஸ்பீக்கரில் 4 ஓம் என்று போட்டிருப்பது அதன் தரமோ பலமோ இல்லை. ஆம்ப் ஒரு வோல்டேஜைத் தள்ளும்போது அந்தக் காயில் எவ்வளவு கரண்ட்டை ஓட விடும் என்பதற்கான அளவு, அவ்வளவுதான். 20 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓமில் 5 ஆம்பியர் ஓடும், 100 வாட். அதே 20 வோல்ட்டை 1 ஓமில் கொடுத்தால் 20 ஆம்பியர், 400 வாட். கேட்பதற்கு லாபம்போலத் தெரியும். ஆனால் அந்த 20 ஆம்பியரும் ஆம்புக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். மாஸ்ஃபெட்டின் உள்தடையில் பிறக்கும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். கரண்ட் நான்கு மடங்கு என்றால் அந்தச் சூடு பதினாறு மடங்கு. உங்கள் கை பட்டது அந்தச் சூட்டில்தான். ப்ரொடெக்ட் லைட் எரிந்ததால் ஆம்ப் பிழைத்திருக்கிறது.

பள்ளியில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று படித்ததுதான் இங்கே சீரீஸ், பேரலல். சீரீஸ் என்பது கோயில் திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட் மாதிரி. ஒரே கரண்ட் ஒவ்வொன்றாகக் கடந்து போகும், ஓம்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். பேரலல் என்பது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. ஒரே அளவுள்ள காயில்கள் என்றால் ஒன்றின் ஓமை எண்ணிக்கையால் வகுத்துவிடலாம். நான்கு 4 ஓம் காயில் பேரலல், ஆகவே 1 ஓம்.

மீட்டர் ஏன் 0.9 காட்டியது என்று கேட்கலாம். மீட்டர் அளப்பது டிசி தடையை. ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 4 ஓம், பாட்டு ஓடும்போது உள்ள இம்பீடன்ஸுக்கு, அதாவது மாறும் கரண்ட்டுக்குக் காயில் காட்டும் மொத்தத் தடைக்கு, வைத்த பெயரளவு எண். 4 ஓம் காயிலை மீட்டரில் அளந்தால் 3.2 முதல் 3.7 வரை வருவது சாதாரணம். உங்கள் காயில் ஒவ்வொன்றும் 3.6 இருக்க வேண்டும், நான்கால் வகுத்தால் 0.9. எல்லாக் காயிலும் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி.

#7 ஆறாவது_கியர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் காரிலும் 1 ஓம்தான். மூன்று வருடமாக ஓடுகிறது. ஒருநாளும் லைட் எரிந்ததில்லை. மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பாட்டு ஓடும்போது ஓம்ஸ் ஏறிவிடும் என்று எனக்கு மாட்டியவர் சொன்னார்.

#8 ஓம்_கணக்கு

நண்பரே, உங்களுக்கு மாட்டியவர் சொன்னது பாதிக்கு மேல் சரி. அதனால் அதை ஒதுக்கிவிட மாட்டேன்.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு அலைவெண்ணிலும் மாறும். கோன் தன் இயல்பான ஒத்ததிர்வில் ஆடும்போது காயில் ஒரு சின்ன டைனமோ மாதிரி எதிர்வோல்டேஜைக் கிளப்பும், கரண்ட் ஓட விடாது. அந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் 20 ஓமுக்கு மேல்கூட ஏறி நிற்கும். மூடிய பெட்டியில் இப்படி ஒரு மேடு இருக்கும். போர்ட் உள்ள பெட்டியில் இரண்டு மேடு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் விழுவது போர்ட் டியூன் ஆகியிருக்கும் அலைவெண்ணில்தான். அங்கே இம்பீடன்ஸ் இறங்கி ஏறக்குறைய மீட்டர் காட்டும் டிசி எண்ணுக்கே வந்துவிடும். போர்ட் பெட்டி அதிகம் முழங்குவதும் அதே இடத்தில். அதாவது பேஸ் அடிக்கும் பாட்டில் எந்தச் சுரம் உங்களுக்கு அதிகம் பிடிக்கிறதோ, அந்தச் சுரத்தில்தான் ஆம்புக்குச் சுமை அதிகம்.

பெயரளவு எண்ணுக்கும் ஒரு விதி இருக்கிறது. ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் 60268-5 தரப்படி, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் அதன் வேலை எல்லைக்குள் எங்கேயும் பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் என்றால் 3.2 வரை இறங்கலாம். ஆகவே ஏறுவதை நம்பிச் சுமையைத் தீர்மானிக்க முடியாது. இறங்கும் இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உங்களுடையது மூடிய பெட்டியா? ஆம்பின் ஸ்டிக்கரில் 1 ஓம் வரிசை இருக்கிறதா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

#9 ஆறாவது_கியர்

பார்த்தேன். மூடிய பெட்டிதான். ஆம்ப் ஸ்டிக்கரில் 1 ஓம் 800 வாட் என்று தனி வரி இருக்கிறது. சரி, என் காரையும் நெல்லைக்காரரின் காரையும் ஒன்றாகப் பேசியது என் தவறு.

#10 மைக்செட்_மதுரை

ஒரு வார்த்தை. நாங்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் செட் கட்டுகிறவர்கள். ஊர் முழுக்க இருபது குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எல்லாவற்றையும் பேரலலில்தான் போடுவோம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் காரிலும் அப்படியே முறுக்கிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் குழாய்க்குள் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஆம்பில் 100 வோல்ட் லைன் என்று தனி டெர்மினல் இருக்கும். அங்கே ஓம்ஸ் கணக்கே கிடையாது, ஒவ்வொரு குழாயும் எத்தனை வாட் எடுக்கிறது என்று கூட்டினால் போதும். அதே ஆம்பில் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் டெர்மினலில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் யூனிட்டை நேரே மாட்டினால் நாங்களும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். கார் முழுக்க அந்த இரண்டாவது வகைதான்.

#11 நெல்லை_ஸ்விஃப்ட்

இப்போது புரிகிறது. அப்படியானால் 2 ஓம் வருகிற மாதிரி எப்படி மாட்டுவது? 600 வாட் கிடைக்குமே.

#12 ஓம்_கணக்கு

இரண்டு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு 2 ஓம் வராது. கடையில் வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

உங்களிடம் இருப்பது நான்கு 4 ஓம் காயில். எல்லாம் பேரலல் என்றால் 1. எல்லாம் சீரீஸ் என்றால் 16. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் சீரீஸ் போட்டு 8 ஆக்கி, இரண்டு ஸ்பீக்கரையும் பேரலல் போட்டால் 4. உள்ளே பேரலல் போட்டு 2 ஆக்கி, வெளியே சீரீஸ் போட்டாலும் 4. சமமாகப் பங்கு பிரிகிற மாதிரி வேறு வழி கிடையாது. 2 ஓம் வேண்டுமென்றால் இரட்டை 2 ஓம் காயில் உள்ள ஜோடியை வாங்கியிருக்க வேண்டும். உள்ளே சீரீஸ், வெளியே பேரலல், சரியாக 2 வரும். இல்லையென்றால் ஒற்றைக் காயில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு வாங்கியிருக்கலாம்.

ஒரு ஸ்பீக்கரை 8 ஓமிலும் இன்னொன்றை 2 ஓமிலும் போட்டுப் பேரலல் செய்தால் 1.6 வருமே, 2க்குக் கிட்ட இருக்கிறதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரே வோல்டேஜில் 2 ஓம் ஸ்பீக்கர் மற்றதைவிட நான்கு மடங்கு வாட் வாங்கும். ஒன்று உழைத்துச் சாகும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது உங்களுக்கு இரண்டு வழி. ஒரு ஸ்பீக்கரை மட்டும் 2 ஓமில் மாட்டி 600 வாட். அல்லது இரண்டையும் 4 ஓமில் மாட்டி மொத்தம் 380 வாட். எண்ணைப் பார்த்தால் முதல் வழி பெரிது. காதில் அப்படி இல்லை. 600க்கும் 380க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 2 டெசிபெல். அருகருகே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் ஒன்றாக ஆடும்போது கோன் பரப்பு இரண்டு மடங்காகி, அதே வாட்டில் 3 டெசிபெல் கூடும். கழித்துப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கர் 380 வாட்டில் ஒற்றை ஸ்பீக்கர் 600 வாட்டைவிட ஒரு டெசிபெல் முன்னால் நிற்கும். அதுவும் ஒவ்வொரு காயிலுக்கும் 95 வாட்தான். காயில் சூடாகாது. இதைச் சாதாரண லாபமாக நினைக்காதீர்கள். செப்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் ஓம் நாற்பது சதவீதம் ஏறி, ஆம்பிலிருந்து வாங்கும் வாட் அதற்கேற்பக் குறைந்துவிடும். நீண்ட பயணத்தில் பேஸ் மெல்ல மெல்லத் தேய்ந்தது மாதிரித் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

4 ஓமில் மாட்டுங்கள். மனதாரச் சொல்கிறேன்.

#13 தேனி_வேன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். கூரையில் எட்டு ஸ்பீக்கர் வைக்க வேண்டும், ஆம்ப் இல்லை, டேஷ்போர்டில் இருக்கும் செட் மட்டும்தான். செட்டில் 50 வாட் x 4 என்று போட்டிருக்கிறது. ஒரு சேனலுக்கு இரண்டு ஸ்பீக்கர் பேரலல் போடலாமா? ஸ்பீக்கர் 4 ஓம். இப்போது நான்கு ஸ்பீக்கர் இருக்கிறது, மைனஸ் எல்லாம் பாடியில் எர்த் செய்திருக்கிறார்கள்.

#14 ரிச்சித்தெரு_வாசி

தேனி அண்ணா, செட்டை இன்றைக்கே அணைத்துவையுங்கள். அந்த எர்த்தை முதலில் எடுக்க வேண்டும்.

இப்போது வரும் செட்டுகளில் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு ஆம்ப் எதிரெதிராக வேலை செய்யும். பிளஸ் வயரிலும் கரண்ட் வரும், மைனஸ் வயரிலும் வரும். செட் ஆனில் இருக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியிலும் சிவப்பு முனையை ஸ்பீக்கர் மைனஸிலும் வைத்துப் பாருங்கள், ஆறு ஏழு வோல்ட் டிசி காட்டும். அதைப் பாடியில் இழுத்துக் கட்டினால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் ஐசிக்கு நேரடி ஷார்ட். நல்ல ஐசி தன்னைக் காத்துக்கொண்டு ஊமையாகிவிடும், எல்லா ஐசியும் அப்படி இல்லை. மைனஸை எர்த் செய்வது மிகப் பழைய செட்டுகளின் காலத்துப் பழக்கம். செட்டின் பின்னால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்ட அதே நிறம் அந்தந்தச் சேனலின் மைனஸ். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாகப் போக வேண்டும்.

#15 ஓம்_கணக்கு

50 வாட் பற்றிச் சொல்கிறேன். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட். அந்த எதிரெதிர் ஆம்ப் எவ்வளவு முயன்றாலும் அலையின் உச்சி 14.4ஐத் தாண்டாது. சுத்தமான சைன் அலைக்கு அதை 1.414ஆல் வகுத்தால் 10.2 வோல்ட். 4 ஓமில் 26 வாட். ஐசிக்குள் போகும் இழப்பைக் கழித்தால் சுத்தமான சத்தத்துக்கு 20 வாட் சொச்சம்தான். 50 எங்கிருந்து வந்தது? உச்சி முழுக்கத் தட்டையாகிச் சதுர அலையானால் 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுக்கலாம், 52 வாட். கேட்க முடியாத சத்தத்தின் எண் அது. 2003இல் வந்த, அமெரிக்க மின்னணுப் பொருள் தயாரிப்பாளர் சங்கத்தின் சிஇஏ-2006 தரம் இதற்காகவே 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்று அளவு வைத்தது. அந்த முத்திரை உள்ள ஆம்பில் எண்ணை நம்பலாம்.

காரில் 4 ஓம், வீட்டில் 8 ஓம் என்று வழக்கம் வந்ததும் இதனால்தான். 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு 8 ஓமில் 13 வாட்டுக்கு மேல் எடுக்க வழியில்லை. தனி ஆம்புக்குள் வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் இருக்கிறது, செட்டுக்குள் இல்லை.

தேனி அண்ணா, பெரும்பாலான செட்டுகளுக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை. இரண்டு 4 ஓம் பேரலல் போட்டால் 2, ஐசி வேகும். ஒரே மாதிரியான இரண்டை சீரீஸ் போடுங்கள், 8 வரும். ஒரு சேனலுக்கு 13 வாட், ஸ்பீக்கருக்கு ஆறரை. கூரையில் தலைக்கு அருகே எட்டு ஸ்பீக்கர் பரவலாக இருந்தால் பயணிகளுக்கு அது போதும். வேறு வேறு கம்பெனி ஸ்பீக்கரை மட்டும் சீரீஸில் சேர்க்காதீர்கள். இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் வோல்டேஜ் சமமாகப் பிரியாது.

#16 நெல்லை_ஸ்விஃப்ட்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் சீரீஸ், வெளியே பேரலல். மீட்டர் 3.9, கழித்தால் 3.6. கணக்கு ஒத்துப்போகிறது. பாட்டைப் போட்டேன். ஆம்ப் சூடாகவில்லை, லைட் எரியவில்லை. ஆனால் பேஸும் இல்லை! முன்பிருந்ததில் கால்வாசிகூட இல்லை. 380 வாட் என்றால் இவ்வளவுதானா? ஒரு ஸ்பீக்கர் ஆடுகிறது, இன்னொன்று ஆடுவதே கண்ணுக்குத் தெரியவில்லை.

#17 மைக்செட்_மதுரை

தம்பி, ஆடாத அந்த ஸ்பீக்கரை உடனே நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் மூடி மேல் விரல் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று எடுங்கள். ஸ்பீக்கரின் எல்லா வயரையும் பிரியுங்கள். முதல் காயிலின் பிளஸ்ஸில் பேட்டரி பிளஸ், மைனஸில் மைனஸ், ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். இரண்டாவது காயிலிலும் அப்படியே. இரண்டும் வெளியே வந்தால் ஸ்பீக்கரில் தவறில்லை. பிறகு நீங்கள் போட்ட மாதிரியே சீரீஸ் கொடுத்து இரண்டு வெளி முனையில் பேட்டரியைத் தொடுங்கள். அப்போதும் கோன் வெளியே வர வேண்டும். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

#18 நெல்லை_ஸ்விஃப்ட்

ஐயா, மூடி சூடாகத்தான் இருந்தது. லேசாக வார்னிஷ் வாசனையும் வந்தது. தனித்தனியாகத் தொட்டபோது இரண்டு காயிலும் கோனை வெளியே தள்ளின. சீரீஸில் தொட்டபோது கோன் அசையவே இல்லை. ஒரு சின்ன 'டிக்' சத்தம்கூட இல்லை.

வயரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். முதல் ஸ்பீக்கரில் ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸ்ஸில் சேர்த்திருக்கிறேன். இரண்டாவதில் மைனஸை மைனஸோடு சேர்த்துவிட்டேன். டெர்மினல் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருந்ததால், பெட்டியைத் திருப்பியபோது மாறிவிட்டது.

#19 ஓம்_கணக்கு

மதுரை ஐயாவின் பேட்டரி இல்லையென்றால் இதைக் கண்டுபிடிக்க நாள் பிடித்திருக்கும். மீட்டருக்கு பிளஸ், மைனஸ் திசை தெரியாது. எதிராகப் போட்டாலும் சீரீஸில் 7.2தான் காட்டும், நேராகப் போட்டாலும் 7.2தான்.

ஒரு காயில் கோனை வெளியே தள்ளுகிறது, மற்றது உள்ளே இழுக்கிறது. கோன் நின்றுவிடுகிறது. முன்பு சொன்ன எதிர்வோல்டேஜ் கோன் ஆடினால்தான் பிறக்கும். ஆடாத ஸ்பீக்கரில் இம்பீடன்ஸ் ஏறாமல் டிசி தடையிலேயே நிற்கும். அதனால் நல்ல ஸ்பீக்கரைவிட அதிகக் கரண்ட்டை வாங்கி முழுவதையும் சூடாக்கிவிடும். கோன் ஆடும்போது காயிலைச் சுற்றி ஓடும் காற்றும் இல்லை. இன்னும் அரைமணி நேரம் விட்டிருந்தால் காயில் போயிருக்கும். இப்போது ஒவ்வொரு காயிலையும் தனியாக அளந்து பாருங்கள். 3.6 இருந்தால் தப்பித்தது. கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள், உரசல் சத்தம் கேட்கக் கூடாது.

#20 நெல்லை_ஸ்விஃப்ட்

நான்கும் 3.6. உரசல் இல்லை. ஈயம் வைத்து மறுபடி இணைத்துவிட்டேன். இப்போது பேட்டரி தொட்டால் இரண்டு கோனும் ஒன்றாக வெளியே வருகின்றன. பாட்டும் போட்டேன். கண்ணாடி அதிர்கிறது அண்ணா!

#21 அபுதாபி_தமிழன்

மகிழ்ச்சி. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு எந்த வயர் போட்டிருக்கிறீர்கள்? பலரும் வீட்டு வயரிங்கில் மிச்சமான துண்டை எடுத்து மாட்டுகிறார்கள். 0.75 சதுர மி.மீ. செப்பு வயர் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், தடை 0.23 ஓம். 4 ஓம் சுமையில் அது ஐந்தரை சதவீதம்தான், பெரிதாகத் தெரியாது. உங்கள் பழைய 1 ஓம் இணைப்பில் அதுவே ஏறக்குறைய 19 சதவீதம். ஆம்ப் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு வயரிலேயே சூடாகப் போயிருக்கும். ஓம் குறையக் குறைய வயர் தடிக்க வேண்டும் என்பது இதனால்தான். அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய வயரும் சந்தையில் நிறைய வருகிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது செப்பில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது. பேட்டரி வயருக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காக்க இல்லை, வழியில் வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காக்க.

#22 ஆறாவது_கியர்

நான் கேட்கும் கேள்விக்கும் பதில் வேண்டும். முன் கதவு ஸ்பீக்கருக்கும் டேஷ்போர்டு ட்வீட்டருக்கும் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒரே வயர்தான் போகிறது. இரண்டும் 4 ஓம். பேரலல் என்றால் 2 ஆகிவிடுமே, கம்பெனியே ஏன் அப்படிப் போட்டிருக்கிறது?

#23 ஓம்_கணக்கு

நல்ல கேள்வி. ட்வீட்டர் வயரில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். தாழ்ந்த அலைவெண்களில் அது கதவை அடைத்தது மாதிரி, கரண்ட் போகாது. 4.7 மைக்ரோஃபாரட் என்றால் 4 ஓம் ட்வீட்டரோடு சேர்ந்து ஏறக்குறைய 8,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுதாகத் திறக்கும். அந்த உயரத்தில் கதவு ஸ்பீக்கரின் காயில் தன் இண்டக்டன்ஸால் ஓம் ஏறி நிற்கும். ஒன்று வாங்கும்போது மற்றது ஒதுங்கிவிடும். எந்த அலைவெண்ணிலும் ஆம்புக்கு முழு 2 ஓம் தெரியாது. அந்தக் கெபாசிட்டரை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ட்வீட்டர் ஒரே பாட்டில் எரிந்துவிடும்.

#24 நெல்லை_ஸ்விஃப்ட்

ஆம்பின் கெயின், அதாவது செட்டிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு, எவ்வளவு வைப்பது என்று கடைசியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

#25 ரிச்சித்தெரு_வாசி

380 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 39 வோல்ட். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடட்டும். செட்டில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்தில் வையுங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் அதிகபட்ச வால்யூமில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். 39 காட்டும்வரை கெயினைத் திருப்புங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். மலிவான மீட்டர் 50 ஹெர்ட்ஸில்தான் ஒழுங்காக அளக்கும், அதனால் அந்த டோன்.

#26 நெல்லை_ஸ்விஃப்ட்

செய்துவிட்டேன். கடையில் கெயினை முக்கால்வாசி வைத்திருந்தார்கள். 39 வந்தது பாதிக்கும் கீழே. நேற்று தூத்துக்குடி போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து ஆம்ப் மேல் கையை வைத்தேன். காலையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட் அளவுக்குத்தான் சூடு. கையை எடுக்கத் தோன்றவில்லை.

#27 தேனி_வேன்

கூரையைப் பிரித்து எர்த்தையெல்லாம் எடுத்துவிட்டேன். இருக்கும் நான்கையும் அளந்தேன். இரண்டு 3.4, இரண்டு 6.5. 6.5 காட்டும் இரண்டும் ஒரே மாதிரி, முன்பு வைத்திருந்தவர் போட்டது போலிருக்கிறது. அதில் ஸ்டிக்கர் இல்லை.

#28 மைக்செட்_மதுரை

அந்த இரண்டும் 8 ஓம் ஸ்பீக்கர். அவற்றை ஒரே சேனலில் பேரலல் போடுங்கள், சரியாக 4 வரும். 3.4 காட்டும் ஜோடியை இன்னொரு சேனலில் சீரீஸ் போடுங்கள். புதிதாக வாங்கப்போகும் நான்கையும் 8 ஓமாகவே கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், மைக் செட் சாமான் விற்கிற இடத்தில் கிடைக்கும். மாட்டும் முன்பு ஒவ்வொன்றிலும் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, கோனை வெளியே தள்ளும் முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.